ஒரு மனு, இரண்டு கையெழுத்து: அமெரிக்காவில் தம்பதியாக சாப்டர் 7 போட்ட அனுபவம்

சாப்டர் 7 என்பது கட்ட முடியாத கடன்களைக் கோர்ட் மூலம் தள்ளுபடி செய்யக் கேட்கும் திவால் முறை. கணவன் மனைவி சேர்ந்து அந்த மனு போடும்போது மனு ஒன்றுதான், கோர்ட் கட்டணமும் ஒன்றுதான்: இருவருக்கும் சேர்த்து 338 டாலர். கடன்கள் மட்டும் அப்படிச் சேர்வதில்லை. எந்தக் கடன் யார் பெயரில் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதுவதில்தான் எங்களுக்குப் பாதிக்கு மேல் நேரம் போனது. தமிழில் கடன்காரர் என்றால் கொடுத்தவரா வாங்கியவரா என்பதே குழப்பம். படிவத்தில் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

ஒவ்வொருவரின் கடன் விவரத்தையும் திரட்டி வைக்கும் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று நிறுவனங்களிலும் இருவருக்கும் தனித்தனியாக, ஆக மொத்தம் ஆறு ரிப்போர்ட் எடுத்தோம். ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இருக்காது. ஆஸ்பத்திரி பாக்கி, பழைய அபார்ட்மென்ட் பாக்கி, மைத்துனரிடம் வாங்கிய கைமாற்று ஆகியவை ஆறிலும் இல்லாமல் போகலாம். பிரிக்காமல் டிராயரில் போட்ட கடிதங்களைப் பிரிக்க வேண்டிய நேரம் இது.

மனுவோடு கொடுக்கும் பட்டியல்களுக்கு ஷெட்யூல் என்று பெயர். பிணையில்லாக் கடன்களுக்கான பட்டியல் ஷெட்யூல் ஈ/எஃப். ஒவ்வொரு கடனுக்கும் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம், வாங்கிய காலம், பாக்கித் தொகை கேட்பார்கள். பக்கத்திலேயே யார் கடன் என்று நான்கு கட்டங்கள்: முதல் கடனாளி மட்டும், இரண்டாம் கடனாளி மட்டும், இருவரும், இவர்களில் ஒருவரோடு வெளியாளும். தவறு நடப்பது இங்கேதான். கார்டில் மனைவி பெயர் அச்சாகியிருப்பதால் மட்டும் அது அவர் கடன் ஆகிவிடாது. அவர் வெறும் ஆதரைஸ்டு யூசராக, அதாவது இன்னொருவர் கணக்கில் கார்டைப் பயன்படுத்த மட்டும் அனுமதி பெற்றவராக இருந்தால் பொறுப்பு, கணக்கு வைத்திருப்பவருக்குத்தான். ரிப்போர்ட்டில் கணக்கின் கீழே பொறுப்பு என்ற வரியைப் பார்த்துக் கட்டத்தைக் குறித்தோம். டெக்சஸ், கலிபோர்னியா போன்ற, திருமணத்துக்குப் பின் சேர்ந்த சொத்தை இருவருக்கும் பொதுவாக வைக்கும் மாநிலங்களில் இன்னொரு கட்டமும் பார்க்க வேண்டியிருக்கும். உங்கள் கடனுக்கு நண்பர் யாராவது சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தால் அவர் பெயர் ஷெட்யூல் ஹெச்சில் போக வேண்டும். சேர்ந்து மனு போடும் கணவன் மனைவி ஒருவர் பெயரை ஒருவர் அங்கே எழுதத் தேவையில்லை. அந்த நண்பரைச் சாப்டர் 7 காப்பாற்றாது, வசூல் அவர் பக்கம் திரும்பும். மனு போடும் முன்பே அவரிடம் சொல்லிவிடுவது மரியாதை.

முகவரிக்குத் தனி வேலை உண்டு. பில்லில் இருக்கும், செக் அனுப்புகிற பெட்டி எண்ணைப் போட்டால் அறிவிப்பு எங்கோ போய்த் தூங்கும். கடிதத் தொடர்புக்கென்று தனியாக அச்சிட்டிருக்கும் முகவரிதான் வேண்டும். கடனை வசூல் நிறுவனத்துக்கு விற்றிருந்தால் முதலில் கொடுத்தவர், இப்போது கேட்பவர், வக்கீல் நோட்டீஸ் அனுப்பியவர் என்று மூவரையும் எழுதினோம். இதே பெயர்களும் முகவரிகளும் மேட்ரிக்ஸ் என்ற வெறும் டெக்ஸ்ட் கோப்பாகவும் போக வேண்டும். ஒரு பெயருக்கு இத்தனை வரி, ஒரு வரிக்கு இத்தனை எழுத்து என்று அந்தந்த கோர்ட் விதி வைத்திருக்கும், முதலிலேயே பார்த்துவிடுங்கள். விட்டுப்போன பெயரைப் பின்னால் சேர்க்க 34 டாலர் கட்டணம்.

நம் ஆட்களுக்கென்றே ஒரு தொல்லை பெயரில் வரும். இனிஷியலை விரித்து எழுதியது, அப்பா பெயரைக் கடைசிப் பெயராக்கியது, கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயரைச் சேர்த்தது என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். கடந்த 8 ஆண்டுகளில் பயன்படுத்திய எல்லாப் பெயரையும் மனுவின் முதல் பக்கமே கேட்கிறது. கார்டில் இருப்பது ஒரு பெயர், மனுவில் இருப்பது வேறு பெயர் என்றானால் வங்கி உங்களை அடையாளம் காணாமல் வசூலைத் தொடரும்.

தேதி விஷயத்தில் அவசரப்படக் கூடாது. மனுவுக்கு முந்தைய 180 நாளுக்குள் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் கடன் ஆலோசனை வகுப்பை முடித்திருக்க வேண்டும். சேர்ந்து உட்கார்ந்து முடித்தாலும் சான்றிதழ் ஆளுக்கு ஒன்று வேண்டும். வருமானத் தகுதியைக் கணக்கிடும் படிவத்தில் இருவர் சம்பளமும் சேரும். மனு போடும் மாதத்தைத் தள்ளிவிட்டு அதற்கு முந்தைய ஆறு முழு மாத வருமானத்தைத்தான் பார்ப்பார்கள். மார்ச்சில் போனஸ் வந்திருந்தால் செப்டம்பரில் போடும் மனுவில் அது கணக்கில் வரும், அக்டோபரில் போட்டால் வராது. ஒரு மாத வித்தியாசத்தில் மாநில நடுத்தர வருமானக் கோட்டுக்கு மேலே போய், செலவுகளை வரிவரியாகக் கணக்குக் காட்டும் நீண்ட படிவத்தில் மாட்டிக்கொள்ளலாம். எதிர்ப்பக்கம், சம்பளத்தில் பிடித்தம் தொடங்கிவிட்டால் காத்திருக்க முடியாது. மனு பதிவான நிமிடத்திலிருந்து பெரும்பாலான வசூல் நடவடிக்கைகள் நிற்க வேண்டும். அவசரத்துக்கு மனு, மேட்ரிக்ஸ், சான்றிதழ் போன்ற அடிப்படைக் காகிதங்களோடு தொடங்கி, மற்ற ஷெட்யூல்களை 14 நாளுக்குள் கொடுக்கவும் வழி உண்டு. ஆனால் அந்த 14 நாள் ஓடுகிற ஓட்டம் சொல்லி மாளாது.

சொத்துப் பட்டியலில் தமிழ்க் குடும்பம் தடுக்கி விழும் இடங்கள் மூன்று: நகை, ஊர் நிலம், உறவுக்குக் கொடுத்த பணம்.

தாலிக்கொடி உட்பட எல்லா நகையையும் எழுத வேண்டும். லாக்கரில் இருப்பதையும்தான். இன்று விற்றால் என்ன கிடைக்கும் என்பதுதான் மதிப்பு, ஆகவே எடை போட்டு, பழைய நகையை இன்று விற்றால் கிடைக்கும் விலையில் எழுதினோம். வாங்கும்போது கொடுத்த செய்கூலி, சேதாரம் கணக்கில் வராது. கடனுக்காக எடுத்துக்கொள்ளாமல் நம்மிடமே விடும் அளவுக்கு விலக்கு என்று பெயர். மத்திய விலக்குப் பட்டியலில் நகைக்கு ஆளுக்கு 2,125 டாலர், இருவருக்கும் 4,250 (1.4.2025 முதல் உள்ள தொகை). இன்றைய தங்க விலையில் சில சவரனிலேயே அது தீர்ந்துவிடும். மீதிக்கு, எந்தப் பொருளுக்கும் பொருத்தக்கூடிய பொது விலக்கு இருக்கிறது: ஆளுக்கு 1,675 டாலர், அதோடு வீட்டுக்கான விலக்கில் பயன்படாத தொகையில் 15,800 வரை. சொந்த வீடு இல்லாதவர்களுக்கு இது பெரிய கைகொடுப்பு. ஆனால் மத்தியப் பட்டியலை எல்லா மாநிலமும் அனுமதிப்பதில்லை. கணவர் ஒரு பட்டியல், மனைவி இன்னொன்று என்றும் எடுக்க முடியாது. சமீபத்தில் மாநிலம் மாறியவர்கள் கவனிக்க: ஒரு மாநிலத்தின் விலக்கைக் கேட்க மனுவுக்கு முன் 730 நாள் அங்கே குடியிருந்திருக்க வேண்டும்.

ஊரில் தாத்தா பெயரிலேயே பட்டா இருக்கிறது, பாகப்பிரிவினை ஆகவில்லை, அதனால் எழுத வேண்டாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சொத்து உலகில் எங்கிருந்தாலும் கணக்கில் வரும். பிரிக்காத பங்கும் பங்குதான். வில்லங்கச் சான்று எடுத்து, சந்தை மதிப்பை உள்ளூரில் விசாரித்து, நம் பங்கை டாலருக்கு மாற்றி, எந்த அடிப்படையில் மாற்றினோம் என்று குறித்து வைத்தோம். வங்கிக் கணக்கு, எல்.ஐ.சி. பாலிசியின் சரண்டர் மதிப்பு எல்லாம் இதே வரிசை. மனு போட்ட 180 நாளுக்குள் வாரிசாக ஏதாவது சொத்து வந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும்.

உறவுக்குக் கொடுத்த பணம்தான் மனத்துக்குக் கஷ்டமானது. "கார்டுக்காரன் கிடக்கிறான், முதலில் அண்ணன் கடனை அடைப்போம்" என்பது நம் இயல்பு. ஆனால் மனுவுக்கு முந்தைய ஓராண்டில் நெருங்கிய உறவினரின் கடனை அடைத்திருந்தால், டிரஸ்டி (வழக்கைக் கவனிக்க நியமிக்கப்படும் அதிகாரி) அந்தப் பணத்தை அண்ணனிடமிருந்தே திரும்பக் கேட்கலாம். மற்றவர்களுக்குக் கொடுத்ததற்கு 90 நாள் கணக்கு. அப்பா அம்மாவுக்கு அனுப்பியது அன்பளிப்பு என்றாலும் இரண்டு ஆண்டுகளில் ஒருவருக்கு 600 டாலரைத் தாண்டினால் படிவம் 107இல் எழுத வேண்டும். மறைப்பதால் வரும் ஆபத்து, எழுதுவதால் வருவதைவிடப் பல மடங்கு. கையெழுத்துப் போடும் பக்கத்திலேயே 2,50,000 டாலர் அபராதம், 20 ஆண்டு சிறை வரை என்று அச்சிட்டிருக்கிறது.

மனு போட்ட பின் டிரஸ்டி நம்மைச் சத்தியத்தின் பேரில் கேள்வி கேட்கும் 341 கூட்டம் பெரும்பாலும் இப்போது ஜூமில்தான். அதற்கு 7 நாள் முன்பே கடைசி வருமான வரித் தாக்கல் டிரஸ்டி கையில் இருக்க வேண்டும். போட்டோ அடையாள அட்டை, சோஷியல் செக்யூரிட்டி சான்று இரண்டும் இருவரிடமும் வேண்டும். கேள்வியும் இருவருக்கும் தனித்தனி: கையெழுத்துப் போடுமுன் படித்தீர்களா? எல்லாச் சொத்தையும் எழுதினீர்களா? உங்களுக்கு யாராவது பணம் தர வேண்டுமா? கணக்கு வழக்கெல்லாம் ஒருவரே பார்க்கும் வீட்டில் மற்றவர் முதல் கேள்விக்கே துணையின் முகத்தைப் பார்ப்பார். முந்தைய இரவு இருவரும் சேர்ந்து மனுவை முதல் பக்கத்திலிருந்து ஒருமுறை வாசிப்பதுதான் இதற்கு மருந்து. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொன்னால் போதும், கட்டணம் கிடையாது.

காரை வைத்துக்கொள்ள, அதன் கடனைத் தொடர்ந்து கட்டுவதாக ஒப்புக்கொள்ளும் ரீஅஃபர்மேஷன் ஒப்பந்தம் வந்தால் யோசித்துக் கையெழுத்திடுங்கள். போட்டால் அந்தக் கடன் தள்ளுபடியிலிருந்து வெளியே வந்துவிடும், பின்னால் கார் பறிபோனாலும் பாக்கி நிற்கும். கார் யார் பெயரில் இருக்கிறதோ அவர் மட்டும் போட்டால் போதுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூட்டத்துக்குப் பின் நிதி நிர்வாக வகுப்பு ஒன்று, மறுபடியும் ஆளுக்கொரு சான்றிதழ். அலுப்பில் ஒருவர் மட்டும் முடித்துவிட்டு இருந்தால், மற்றவர் தள்ளுபடி கிடைக்காமலே வழக்கு மூடப்படலாம். முதல் கூட்டத் தேதியிலிருந்து 60 நாள் தாண்டியதும், எதிர்ப்பு எதுவும் இல்லையென்றால் தள்ளுபடி உத்தரவு வரும். அதன் நகலோடு மேட்ரிக்ஸ் நகலையும் சேர்த்தே வையுங்கள். கடனை விலைக்கு வாங்கிய ஏதோ ஒரு வசூல் நிறுவனம் பின்னால் போன் செய்தால் இரண்டையும் சேர்த்து அனுப்ப வேண்டியிருக்கும்.