கோட்டாவை ஏற்றியும் போகாத மெயில்

ஓணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் நான் சர்வர் பார்த்துக்கொள்ளும் கம்பெனியிலிருந்து அக்கவுண்ட்ஸ் அக்கா போன் செய்தார். அவரோடு சேர்த்து நாலு பேருக்கு மெயில் போகவில்லை. மெயில் சர்வர் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2016. டேட்டாபேஸ் கோட்டாவை, அதாவது எல்லா மெயில்பாக்ஸுக்கும் பொதுவான இட வரம்பை, யாரும் தொட்டதில்லை, போட்டபடியே கிடந்தது: 1.9 ஜிபியில் எச்சரிக்கை, 2-ல் அனுப்புவது நிற்கும், 2.3-ல் வருவதும் நிற்கும். கொடேஷன் எல்லாம் வந்து குவிகிறது, ஒன்றுக்கும் பதில் போட முடியவில்லை.

"எச்சரிக்கை மெயில் வந்திருக்குமே அக்கா?"

"வந்துச்சு தம்பி. மெயில்பாக்ஸ் ஃபுல்லுன்னு வந்தா ஃபிராடு, தொடாதீங்கன்னு நீதானே சொன்னே? அழிச்சுட்டேன்."

நான்தான் சொன்னேன். வகுப்பெடுத்துச் சொன்னேன்.

கொழிஞ்சாம்பாறை வீட்டிலிருந்தே டேட்டாபேஸ் கோட்டாவை 5 ஜிபிக்கு ஏற்றினேன். பத்து நிமிடத்தில் மறுபடி போன்: "இப்பவும் போகமாட்டேங்குது." சர்வர் வாங்கிய இடத்தில் கேட்டால், மெயில்பாக்ஸ்களைக் கையாளும் இன்ஃபர்மேஷன் ஸ்டோர் சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணுங்க என்று ஒரே பாட்டு. பகல் பதினொரு மணிக்கு அதைச் செய்தால் ஆபீஸ் முழுக்க அவுட்லுக் அறுந்து நிற்கும். அந்த நேரம் பார்த்து வீட்டில் நெட்டும் போனது. மழையில் வண்டியை எடுத்தேன்.

போய்ச் சேர்ந்து டீ குடித்து முடிப்பதற்குள் மூன்று பேருக்குத் தானாகவே சரியாகிவிட்டது. அந்த ஸ்டோர் சர்வீஸ் கோட்டாவை கேச்சில், அதாவது தற்காலிக நினைவில், வைத்துக்கொள்ளும். மாற்றினால் அதன் கண்ணில் பட இரண்டு மணி நேரம் வரை ஆகும். பேசாமல் இருந்திருந்தாலே போதும்.

அக்காவுக்கு மட்டும் அசையவில்லை. அவர் மெயில்பாக்ஸைத் திறந்து பார்த்தால், எனக்கு முன்னால் இருந்தவர் அவருக்கென்று தனியாக 2 ஜிபி போட்டு வைத்திருக்கிறார். தனிக் கோட்டா இருந்தால் டேட்டாபேஸில் எவ்வளவு ஏற்றினாலும் அந்தப் பெட்டிக்கு எட்டாது. டேட்டாபேஸ் அளவையே எடுத்துக்கொள்ளும்படி மாற்றினேன். ஏற்றுவதற்கு முன்பே கெட்-மெயில்பாக்ஸ் கட்டளையை ஓட்டி, யூஸ்டேட்டாபேஸ்கோட்டாடிஃபால்ட்ஸ் ஃபால்ஸ் (தனிக் கோட்டா) என்று யாருக்கெல்லாம் இருக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். ஒரு வரி வேலை.

இனி இன்னொரு இரண்டு மணி நேரமா? அக்காவின் டெலிட்டட் ஐட்டம்ஸைப் பார்த்தேன். 700 எம்பி. அழித்தது எல்லாம் அங்கேதான் உட்கார்ந்து கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. காலி செய்தோம். அது போய்ச் சேரும் ரெக்கவரபிள் ஐட்டம்ஸுக்கு (அழித்ததை மீட்க வைத்திருக்கும் மறைவான ஃபோல்டர்) கோட்டா தனி. கொஞ்ச நேரத்தில் அவுட்பாக்ஸில் முடங்கிக் கிடந்த போனஸ் ஷீட் கிளம்பிப் போனது.

ஆனால் டிஸ்கில் இடம் கூடும் என்று நம்பிவிடாதீர்கள். எவ்வளவு அழித்தாலும் டேட்டாபேஸ் ஃபைல் சுருங்காது, உள்ளே வெற்றிடமாகத்தான் நிற்கும். கோட்டாவை ஏற்றுமுன் டிரைவில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது அக்கா ஒரு பொட்டலம் சர்க்கரை வரட்டி (வெல்லப்பாகில் புரட்டிய நேந்திரங்காய் வறுவல்) கொடுத்துக் கேட்டார்: "அப்போ இனி அந்த மெயில் வந்தா தொடலாமா தம்பி?"

"தொடவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். எனக்குப் போன் பண்ணுங்க அக்கா."