சிவப்பு ஏறாத பைப்

மார்ச் 4

நண்பர் மரத்தில் செதுக்கிய, புகைபிடிக்கும் பைப் இன்று என் மேசைக்கு வந்தது. வடிவம் அழகு. ஆனால் புகையிலை அடைக்கும் கிண்ணத்தின் வலது பக்கத்தில் மட்டும் சிவப்புச் சாயம் ஏறவில்லை. கட்டைவிரல் அகலத்துக்கு வெளிறிய திட்டு. "சாயம் மட்டம்ணே, வேற கம்பெனி வாங்கிடவா?" என்கிறார். மற்ற பக்கமெல்லாம் அதே புட்டியிலிருந்துதானே பூசினார், அங்கே நன்றாகத்தானே பிடித்திருக்கிறது?

மார்ச் 5

திட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். முத்தாக உருண்டு நின்றது. பக்கத்தில் விட்ட சொட்டு பரவிவிட்டது. சாயம் பூசுவதற்கு முன்பே டிரிப்போலி என்ற மெருகுக் கட்டி போட்டு மெருகேற்றினாராம். அந்தக் கட்டியில் அரைக்கும் பொடியோடு கொழுப்பும் மெழுகும் சேர்ந்திருக்கும். அது மரத்தின் நுண்துளைகளில் அடைத்துக்கொண்டால் ஸ்பிரிட்டில் கரைந்த சாயம் உள்ளே போக வழியில்லை. இன்னொரு கோட் அடித்தாலும் திட்டு அப்படியேதான் நிற்கும்.

முதலில் ஸ்பிரிட் துணியால் பழைய சிவப்பை முடிந்தவரை எடுத்தேன். பிறகு 320 எண் உப்புத்தாள், அப்புறம் 400. மறுபடி சொட்டு வைத்தபோது எங்கும் ஒரே மாதிரி பரவியது. சரி.

மார்ச் 7

நேரே சிவப்புக்குப் போகாமல் முதலில் கறுப்பு. இந்தப் பைப்பின் மரமான பிரையர் என்பது மத்தியதரைக்கடல் கரையோரம் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற புதரின் வேர்முண்டு. அதில் ரேகை நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஓடும். ரேகையின் நுனி வெளியே தெரியும் இடத்தில் சின்னச் சின்னக் கண்களாக இருக்கும். அங்கே சாயத்தை அதிகம் குடிக்கும். ஒரே கிண்ணத்தின் இரு பக்கமும் நிறம் மாறித் தெரிவதற்கு இதுவும் காரணம். கறுப்பு காய்ந்ததும் 400 தாளால் தேய்த்தால் கடினமான பகுதி வெளுத்துவிடும், மிருதுவான ரேகைகளில் கறுப்பு தங்கிவிடும். சாயம் ஈரமாக இருக்கும்போதே கொளுத்தி ஆவியாக்குபவர்கள் உண்டு. வீட்டுக்குள் ஸ்பிரிட்டோடு நெருப்பு விளையாட்டு எனக்கு வேண்டாம். ஒரு இரவு காயட்டும்.

இந்த வேலையில் கறுப்பு பழைய கீறல்களையெல்லாம் காட்டிக்கொடுத்தது. காம்பு சேரும் இடத்தில் ஒரு கொத்து. மீண்டும் 320.

மார்ச் 8

சிவப்பு. காய்ந்ததும் செங்கல் பொடி போல மங்கிவிட்டது. நண்பருக்குப் படம் அனுப்பினால் உடனே "இன்னொரு கோட்!" வேண்டாம். ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒரு தடவை தடவினால் மெழுகு போட்ட பிறகு வரப்போகும் நிறம் ஒரு நொடி தெரியும். அளவுக்கு மேல் பூசினால் சாயம் மேலேயே படிந்து, சாய்த்துப் பார்க்கையில் பச்சை கலந்த உலோகப் பளபளப்பு தரும். இதையெல்லாம் ஜன்னல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். மஞ்சள் பல்பின் கீழ் சிவப்பின் சரியான நிறம் தெரியாது.

மார்ச் 10

வெள்ளைத் துணியில் நிறம் ஒட்டாமல் நிற்கும்வரை துடைத்தேன். இதை விட்டுவிட்டு மெழுகுக்குப் போனால் பிடிப்பவர் கையெல்லாம் சிவப்பு. பிறகு கார்னோபா மெழுகு, சுத்தமான தனி மெருகுச் சக்கரத்தில்; டிரிப்போலி ஓடிய சக்கரத்தில் போடவே கூடாது. அது 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். சக்கரத்தின் உராய்வுச் சூடே அதற்குப் போதும்.

நண்பர் மாலை வந்தார். வெயிலில் வைத்தால் சிவப்பு மங்கும், புகைக்கப் புகைக்கக் கிண்ணம் கருத்துக்கொண்டே போகும் என்று சொல்லிக் கொடுத்தேன். கிண்ணத்தின் உள்ளே ஓரமாக ஒரு சாயச் சொட்டு வழிந்திருந்ததை அப்போதுதான் கவனித்தோம். நெருப்பு படும் இடத்தில் சாயம் ஆகாது. குச்சியில் தாள் சுற்றிக் கொடுத்தேன், அவரே உட்கார்ந்து தேய்த்து எடுத்தார்.