மருத்துவச் சட்டமும் அறவியலும்: மயக்கவியல் மருத்துவர் ஒருவரின் படிப்பனுபவம்

மயக்கவியல் மருத்துவராகப் பணியாற்றிக்கொண்டே, பெங்களூருவிலுள்ள இந்திய தேசிய சட்டப் பள்ளிப் பல்கலைக்கழகம் தொலைநிலையில் நடத்தும் மருத்துவச் சட்டம், அறவியல் முதுநிலைப் பட்டயப் படிப்பை முடித்தேன். விண்ணப்பம், கட்டணம் முதலியவை எளிதாகவே முடிந்தன. சிரமம் முழுவதும் வாசிப்பில்தான் இருந்தது.

நோயின் பெயர், காரணம், சிகிச்சை என்ற வரிசைக்குப் பழகிய எங்களுக்குத் தீர்ப்பை வாசிப்பது புதிய பயிற்சி. நடந்த நிகழ்வுகள், இரு தரப்பு வாதங்கள், முந்தைய தீர்ப்புகள் என்று பல பக்கங்களைக் கடந்த பின்னரே நீதிமன்றம் எதை முடிவு செய்தது, ஏன் என்பது பிடிபடும். சுருக்கக் குறிப்புகளைப் படித்துத் தேர்ச்சி பெற்றுவிடலாம். ஆனால் இப்படிப்பின் பயன் மூலத் தீர்ப்புகளில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

என்னை மிகவும் பாதித்தது 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சமீரா கோலி வழக்கு. வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவி மூலம் உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோபிக்குக் கையெழுத்திட்டு மயக்கத்தில் இருந்த 44 வயதுப் பெண்ணின் கருப்பையும் சினைப்பைகளும், வெளியே காத்திருந்த தாயாரின் சம்மதத்தைப் பெற்று அகற்றப்பட்டன. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, சுயமாக முடிவெடுக்கக்கூடிய ஒருவருக்காக அவருடைய தாயேகூடச் சம்மதிக்க முடியாது என்றும், அவர் கண்விழிக்கும்வரை காத்திருந்திருக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. மருத்துவர் நல்லெண்ணத்துடன் செய்தார் என்பதாலும் இந்த முடிவு மாறவில்லை. நோயாளி பேச முடியாத நிலையை உண்டாக்குவதே என் அன்றாட வேலை என்பதால், அந்தப் பத்திகளை என்னால் வேறொருவருடைய வழக்காக வாசிக்க இயலவில்லை.

ஆய்வுக் கட்டுரைக்கும் சம்மதப் படிவத்தையே எடுத்துக்கொண்டேன். நான் முன்பு பணியாற்றிய ஒரு மருத்துவமனையின் படிவம் ஆங்கிலத்தில் அச்சான ஒரே தாள். அறுவை சிகிச்சையின் பெயருக்கான கோடு பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். முழு நினைவுடன் கட்டிலில் அமர்ந்திருக்கும் பெண்ணுக்குப் பதிலாகக் கணவர் கையெழுத்திட்டிருப்பார். மாற்றுச் சிகிச்சை உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பவற்றுக்கு அத்தாளில் இடமே இல்லை. நோயாளிக்கு இவற்றைச் சொல்லியாக வேண்டும் என்று சமீரா கோலி தீர்ப்பு தெளிவாகவே வகுத்திருக்கிறது. எவ்வளவு சொல்வது என்பதில் மட்டும் அது மருத்துவத் துறை ஏற்ற நடைமுறையை அளவுகோலாகக் கொள்கிறது. பிரிட்டனின் உச்ச நீதிமன்றமோ 2015-இல் மாண்ட்கோமரி தீர்ப்பின் வழியாக, நோயாளி எதை முக்கியமாகக் கருதுவார் என்பதை அளவுகோலாக்கியது. இந்த வேறுபாட்டை எழுதுவதற்கே என் கட்டுரையில் அதிகப் பக்கங்கள் தேவைப்பட்டன.

சேர விரும்பும் மருத்துவர்கள், மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்த 1995-ஆம் ஆண்டு சாந்தா தீர்ப்பையும், கடும் அலட்சியம் இருந்தால்தான் குற்றவழக்கு நிற்கும் என்று கூறிய 2005-ஆம் ஆண்டு ஜேக்கப் மேத்யூ தீர்ப்பையும் முன்கூட்டியே முழுமையாகப் படித்துவிடுவது நல்லது. வகுப்புகளில் அவை திரும்பத் திரும்ப வரும். அவற்றைப் படிக்காமல் வந்தவர்கள் விவாதங்களைப் பின்தொடரத் திணறியதைக் கண்டிருக்கிறேன்.