வெறும் செம்பு ஓடும் லேன்

செம்பு அணைவுச் சேர்மங்களில் (செம்பைச் சுற்றி ஈனி என்ற மூலக்கூறுகள் பிணைந்தவை) புற்றுநோய் மருந்து தேடுகிறவர்களை முதலில் மயக்குவது ஜெல் படம்தான். முனைவர் பட்டத்துக்கு நான் சேர்ந்த ஆய்வகத்திலும் அப்படித்தான். பிபிஆர்322 என்ற வட்டமான பிளாஸ்மிட் டி.என்.ஏ.வை நம் சேர்மத்தோடும் கொஞ்சம் வைட்டமின் சி-யோடும் 37 டிகிரியில் வைத்திருந்து, அகரோஸ் ஜெல்லில், ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு லேன் (தடம்) என்று, மின்சாரம் செலுத்தி ஓட்டுவோம். முறுக்கேறிய டி.என்.ஏ. வேகமாக ஓடும். ஓர் இழை அறுந்தாலே முறுக்கு அவிழ்ந்து பின்தங்கிவிடும். இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுந்தால் நடுவில் ஒரு பட்டை விழும். புற ஊதா விளக்கில் அந்தப் பட்டையைப் பார்த்தால் மருந்தே கிடைத்துவிட்ட மாதிரி இருக்கும்.

நடப்பது இதுதான். வைட்டமின் சி செம்பை ஒற்றை மின்னூட்ட நிலைக்கு இறக்குகிறது. அது ஆக்சிஜனோடு வினைபுரிந்து, டி.என்.ஏ.வின் சர்க்கரைப் பகுதியைத் தாக்கும் துகள்களை உண்டாக்குகிறது. பினாந்த்ரோலின் ஈனியோடு சேர்ந்த செம்பு இப்படி டி.என்.ஏ.வை வெட்டுவதை டேவிட் சிக்மன் குழு 1979-இல் காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பிளாட்டினம் மருந்தான சிஸ்பிளாட்டினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருந்தது. செம்பு விலை மலிவு, உடலுக்கும் புதிதல்ல. ஆசை வராமல் இருக்குமா?

ஆனால் செம்பு குளோரைடு என்ற சாதாரணச் செம்பு உப்பும் வைட்டமின் சி-யும் சேர்ந்தாலே டி.என்.ஏ. அறுபடும். பினாந்த்ரோலினோ செம்பே இல்லாமல், தனியாகவே செல்களைக் கொல்லும். அதனால் எங்கள் கைடு ஒரே பிடியாக நிற்பார்: "உப்பு மட்டும், ஈனி மட்டும், அந்த ரெண்டு லேனும் இல்லாம படத்த என்கிட்ட கொண்டு வராதம்மா." அச்சில் வந்த கட்டுரைகளிலேயே அந்த லேன்கள் இல்லாதவற்றை அப்புறம் நிறையப் பார்த்தேன். இன்னொரு வேடிக்கை: நீரில் கரையாத சேர்மத்தை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைப்போம். டி.என்.ஏ.வைத் தாக்கும் ஹைட்ராக்சில் துகள்களைப் பிடித்து விழுங்குவதற்கென்று அடுத்த லேனில் நாமே சேர்ப்பதும் அதே டிஎம்எஸ்ஓ-தான்!

செல்லுக்குள் நிலைமை இன்னும் சிக்கல். அங்கே மில்லிமோலார் அளவில் குளூட்டதயோன் என்ற சிறு மூலக்கூறு இருக்கிறது. அது செம்பை ஈனியிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். அதற்கு முன்பே ரத்தத்தில் செம்பைப் பிடிக்க ஆல்புமின் புரதம் வேறு காத்திருக்கிறது. நாம் படிகமாக்கி அமைப்பு பார்த்த சேர்மம் அதே உருவில் டி.என்.ஏ. வரை போய்ச் சேருமா என்பது பெரிய சந்தேகம்.

மெக்சிகோவின் காசியோபெய்னா என்ற செம்புச் சேர்மங்கள் மனிதர்களிடம் முதற்கட்டச் சோதனை வரை போயின. செம்பைச் செல்லுக்குள் சுமந்துபோகும் எலெஸ்க்ளோமோல் மருந்தின் மெலனோமா (ஒரு வகைத் தோல் புற்றுநோய்) சோதனை 2009-இல் நிறுத்தப்பட்டது. 2022-இல் வந்த ஆய்வு அதன் கதையையே திருப்பிப் போட்டது: அது கொண்டுபோகும் செம்பு மைட்டோகாண்ட்ரியாவில் லிப்போயிக் அமிலம் ஒட்டிய புரதங்களைப் பிடித்துக் கட்டியாக்குகிறது, செல் சாகிறது. அங்கே டி.என்.ஏ. இலக்கே இல்லை.

இப்போது மாணவர்கள் ஜெல் படத்தோடு வந்தால், செல்லுக்குள் செம்பு எவ்வளவு போனது, எந்தப் பகுதியில் தங்கியது என்றுதான் முதலில் கேட்கிறேன். அதை அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவி எங்களிடம் இல்லை. மாதிரியை வெளியூருக்கு அனுப்பிவிட்டு, முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை ஜெல் படத்தைச் சுவரில் ஒட்ட நான் விடுவதில்லை.