பாத்தோம் ஆயா

வண்டி நிறுத்துவதைப் பற்றிக் கேட்பார்கள் என்று தயாராகத்தான் போயிருந்தேன். சாக்கடை எங்கே போகும், ராத்திரி சத்தம், பையன்கள் தெருமுனையில் நிற்பது, எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. புதுவைக்குப் பக்கத்தில் கடலோரக் காலாப்பட்டில் பெரிய மாணவர் விடுதி கட்டப்போகிறோம் என்றாலே வருகிற கேள்விகள்தான். கோயில் திண்ணையில் பிளானை விரித்து, கடற்காற்றில் பறக்காமல் நாலு முனையிலும் கல் வைத்திருந்தேன். தண்ணீரைப் பற்றி அந்த ஆயா கேட்டது மட்டும் இன்னும் என்னை விடவில்லை.

“எத்தினி பேர் தங்குவாங்க தம்பி?”

“இருநூத்தி நாப்பது பேர் ஆயா.”

“அம்மாம் பேருக்கும் தண்ணி?”

“போரை ஆழமா போடுறோம். உங்க அடிபம்புத் தண்ணி மேல இருக்குது. அதுக்கு ஒண்ணும் ஆகாது.”

“பாத்தீங்களா?”

“பாத்தோம் ஆயா.”

அவர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அப்புறம் தண்ணீர்ப் பேச்சே எழவில்லை.

பார்த்தது உண்மைதான். முந்தின வாரம் நீரோட்டம் பார்ப்பவர் வந்திருந்தார். குடுமியோடு ஒரு தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு மனையில் மேற்கிலிருந்து கிழக்காக நடந்தார். ஈசானிய மூலைக்குக் கொஞ்சம் முன்னால் தேங்காய் நிமிர்ந்தது. அந்த இடத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டோம். எங்கள் பார்வை அவ்வளவுதான். மண்ணுக்குள் மின்சாரத்தைச் செலுத்தி, அதை மண் எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கும் மின்தடை முறையில் ஆய்வு செய்து, எத்தனை அடியில் எந்த மண், எங்கே உப்பு என்று பார்த்திருக்கலாம். நான் கேட்டேன். அது அப்புறம் என்று முதலாளி சொன்னார். நானும் சரி என்றேன்.

நான் சொன்னது பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. அந்தப் பக்கம் மேலே கடற்கரை மணல், அடியில் கடலூர் மணற்கல். நடுவே நல்ல களிமண் தட்டு இருந்தால் அடியில் இழுக்கும் தண்ணீர் மேல் தண்ணீரைத் தொடாது. இருந்தால். எங்கள் மனைக்கு அடியில் அது இருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது.

தெரிந்தது வேறொன்று. கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். மேலே ஒரு அடி இறங்கினால் உப்பு 40 அடி ஏறி வரும். படிக்கும்போது பரீட்சைக்கு எழுதிய கணக்கு. ஒரு ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்துத்தான் டேங்க் போடுகிறோம். 240 பேருக்கு 32,400 லிட்டர். பெரிய லாரியில் கிட்டத்தட்ட மூன்று லோடு, தினமும். இந்தக் கணக்கைப் போட்ட கை என்னுடையது. அந்தத் தாள் திண்ணையில்தான் கிடந்தது, பிளானுக்கு அடியில்.

அந்த அம்மா ஏன் கேட்டார் என்பதும் எனக்குப் புரியாமல் இல்லை. 2004 டிசம்பரில் சுனாமி வந்து போனபின் கடலோரக் கிணறுகளும் பம்புகளும் உப்பாகிப் போனதைப் பார்த்தவர்கள் அவர்கள். உப்பு ஏறுவது அவர்களுக்குப் பரீட்சைக் கணக்கு இல்லை.

ஆனால் அன்றைக்கு எதிர்த்தவர்கள் எல்லோரையும் நியாயமானவர்கள் என்று சொல்ல மாட்டேன். சத்தமாகப் பேசியவர்களில் மூன்று பேர் மாணவர்களுக்கு ரூம் வாடகைக்கு விடுகிறவர்கள். அந்த ரூம்களில் ஒன்றை நானே அளந்திருக்கிறேன். பத்துக்குப் பத்து, மேலே ஆஸ்பெஸ்டாஸ், உள்ளே நாலு பையன்கள், ஆறு ரூமுக்கு ஒரு கக்கூஸ். புதுவைப் பல்கலைக்கழகம் 1985-இல் வந்தது. பக்கத்திலேயே பொறியியல் கல்லூரி, சட்டக் கல்லூரி. எங்கிருந்தோ படிக்க வருகிற பிள்ளைகள் எங்கேயாவது தங்கித்தானே ஆக வேண்டும்? சிதறி இருக்கும் வீடுகளில் அதே 240 பேர் குளித்தாலும் அதே மண்ணுக்கடியிலிருந்துதானே தண்ணீர் வரும்? இப்படிச் சொல்லிக்கொண்டால் ஒரு வாரம் நிம்மதியாக இருக்கும். அப்புறம் ஒரே துளையில் ராத்திரி பகலாக இழுப்பதும் ஊரெல்லாம் சிதறி இறைப்பதும் ஒன்றா என்ற கேள்வி வரும். ஒன்றில்லை.

கடைசியில் இரண்டு மாடியைக் குறைத்துக் கட்டினோம். 144 பேர். வண்டி நிறுத்தக் கூடுதல் இடமும் கொடுத்தோம். ஊரில் அதை வெற்றியாகப் பேசினார்கள். எங்கள் ஆபீசிலும் அப்படித்தான் பேசினார்கள். தண்ணீரை நினைத்து யாரும் மாடியைக் குறைக்கவில்லை.

போன மாசி மாதம் வேறொரு வேலையாக அந்தத் தெரு வழியாகப் போனேன். ஆயா வாசலில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. “சாப்ட்டியா தம்பி?” என்றார். கழுவிய தண்ணீர் வாசல் குழாயில் பிடித்தது. பக்கத்திலேயே அந்த அடிபம்பு. கைப்பிடியை நைலான் வலைக் கயிற்றால் பம்போடு சேர்த்துக் கட்டியிருந்தது. முடிச்சு வெயிலில் வெளுத்திருந்தது.

குழாய் வந்தபின் பம்பு அடிக்கும் வேலை யாருக்கும் பிடிக்காது. பல வீடுகளில் அப்படித்தான் கட்டிப் போட்டிருக்கிறார்கள். அதனாலும் இருக்கலாம்.

“சாப்ட்டேன் ஆயா” என்றேன். கயிற்றைப் பற்றிக் கேட்கவில்லை.