அப்பாவின் மார்புக்குள் ஒரு கேமரா

ஜூன் 3

அப்பாவுக்கு மூன்றாவது முறையாக நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துவிட்டது. இரண்டு தடவை ஊசி குத்தி எடுத்தாயிற்று. நீரில் புற்றுச்செல் இல்லை, காசநோய்க் கிருமியும் இல்லை. முதல் தடவை ‘இல்லை’ என்றதும் நிம்மதியானேன். இப்போது அதே சொல்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. நோய் நுரையீரல் உறையில் இருந்தால் நீரில் அகப்படாமல் போகலாமாம். கேமரா விட்டுப் பார்த்து, சந்தேகமான இடத்தில் சதை எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். இதற்கு வாட்ஸ் (VATS) என்று பெயர், அதாவது வீடியோ உதவியோடு செய்யும் மார்பு ஆபரேஷன்.

ஜூன் 5

இப்படி மார்புக்குள் பார்ப்பது எப்போது தொடங்கியது என்று தேடினேன். 1910இல் ஸ்வீடன் மருத்துவர் யாக்கோபேயஸ், சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் குழாயையே மார்புக்குள் விட்டுப் பார்த்ததை எழுதியிருக்கிறார். காசநோய்க்கு மருந்தில்லாத காலம்.

ஜூன் 8

“நெஞ்சைப் பிளக்கமாட்டாங்கல்ல?” என்று அப்பா நேற்றிரவு மூன்று தடவை கேட்டார். ஆபரேஷன் முடிந்தது. பிளக்கவில்லை. விலா எலும்புகளை அகட்டாமல் இடையில் மூன்று சின்னத் துளைகள், அவ்வளவுதான். ஒரு நுரையீரல் மட்டும் மூச்சுவிட, மற்றதைக் காற்றிறக்கிச் சுருங்கவைத்து இடம் பண்ணிக்கொள்கிறார்கள். படத்தைக் காட்டினார் டாக்டர்: உறை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பொடிமணிகள். நீர் தேங்கிக் கிடந்த அறைகளையும் உடைத்து, உறிஞ்சிச் சுத்தம் செய்துவிட்டார்களாம்.

ஜூன் 9

நாள் முழுக்கப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மார்பிலிருந்து வரும் டியூபின் மறுமுனை பாட்டிலில் தண்ணீருக்குள் முங்கியிருக்கிறது. அப்பா மூச்சிழுக்கும்போது டியூபில் தண்ணீர் ஏறுகிறது, விடும்போது இறங்குகிறது. இருமினால் குமிழி. ஓடிப்போய் நர்ஸைக் கூப்பிட்டேன். நுரையீரலிலிருந்து இன்னும் கொஞ்சம் காற்று கசிகிறது, தானே அடைபடும் என்றார். பாட்டிலை மட்டும் மார்புக்கு மேலே தூக்கக் கூடாது.

வலி இருக்கிறது. பார்க்க வந்தவர் ‘சின்ன ஓட்டைதானே’ என்றபோது கோபம் வந்தது. ஒவ்வொரு விலாவின் அடியிலும் நரம்பு ஓடுகிறது, துளையும் டியூபும் அதை உரசாமல் இருக்குமா? வலிமருந்து கொடுத்தால்தான் அப்பாவால் நன்றாக இரும முடிகிறது. இருமினால்தான் நுரையீரல் விரியும்.

ஜூன் 11

குமிழி இல்லை. எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுசாக விரிந்திருக்கிறது. டியூபை எடுத்துவிட்டார்கள்.

ஜூன் 15

பயாப்சி ரிப்போர்ட் வந்தது. காசநோய். “அப்போ கேன்சர் இல்லியா?” என்றார் அப்பா. இல்லை அப்பா, இல்லை. இந்த ‘இல்லை’யை நம்பலாம்.

ஆறு மாதம் ஒருநாள்கூட விடாமல் மாத்திரை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம் என்றார்கள். வீட்டில் எங்களுக்கும் பரிசோதனை உண்டு. நாளைக் காலையில் முதல் மாத்திரை.