ஒன்றரையால் வகுத்தால் மட்டும் போதாது

கலிஃபோர்னியாவில் க்வார்ட்டர் முறை கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடக் கல்லூரி) படித்துவிட்டு செமஸ்டர் முறை யுனிவர்சிட்டிக்கு மாறுகிறேன். என் பாடங்களில் எவை அங்கே கணக்கில் ஏறின என்று சொல்லும் எவால்யுவேஷன் போன வியாழக்கிழமை வந்தது. நான் முடித்த 96 க்வார்ட்டர் யூனிட்டும் (யூனிட் என்பது பாடத்தின் அளவு) 64 செமஸ்டர் யூனிட்டாக முழுசாக ஏறியிருந்தது. உடனே அம்மாவை எழுப்பிச் சொன்னேன். அப்புறம் பக்கத்தைக் கீழே தள்ளிப் பார்த்தபோதுதான் கெமிஸ்ட்ரி கண்ணில் பட்டது. கெம் 1ஏ, 1பி இரண்டும் சேர்ந்து முதல் செமஸ்டர் கெமிஸ்ட்ரிக்கு ஈடு. இரண்டாம் செமஸ்டருக்கு எதிரே ஒன்றுமில்லை. லேபோடு சேர்த்து அந்தப் பாடத்தை முழுசாகப் படிக்க வேண்டும்.

இந்த செப்டம்பரில் என் அத்தை பையன் ஒரு க்வார்ட்டர் கம்யூனிட்டி காலேஜில் சேருகிறான். அவனிடம் போனில் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு வருடத்துக்கு மூன்று க்வார்ட்டர் அல்லது இரண்டு செமஸ்டர். அதனால் க்வார்ட்டர் யூனிட்டை ஒன்றரையால் வகுத்தால் செமஸ்டர் யூனிட். 45 என்றால் 30, 90 என்றால் 60. ஜூனியராக, அதாவது மூன்றாம் வருடத்தில், சேர கலிஃபோர்னியாவின் அரசு யுனிவர்சிட்டித் தொகுதிகளான யுசி, கால் ஸ்டேட் இரண்டுமே கேட்பது அந்த 60தான்.

என் தப்பு நடந்தது ஸ்பிரிங்கில். கெமிஸ்ட்ரி வரிசையின் மூன்றாவது, கடைசிப் பாடமான 1சியின் லேப் நேரமும் என் வேலை நேரமும் மோதின. சமையலறை மேசையில் நோட்டை வைத்துக்கொண்டு, 1ஏ, 1பி இரண்டின் 10 யூனிட்டை ஒன்றரையால் வகுத்து 6.67 என்று பென்சிலால் எழுதினேன். கெமிஸ்ட்ரியில் மூன்றில் இரண்டு பங்கு முடிந்தது, மிச்சத்தை யுனிவர்சிட்டியில் போய்ப் படிக்கலாம் என்று நினைத்து 1சியை விட்டுவிட்டேன். அந்த மிச்சத்துக்கென்று அங்கே ஒரு பாடமே கிடையாது. பக்கத்து ஊர் செமஸ்டர் காலேஜில் கோடையில் முடிக்கலாமா என்று விசாரித்தேன். அங்கேயும் இருப்பது முழு இரண்டாம் பகுதிதான்; 1பியில் படித்ததையே அதில் பாதி தூரம் திரும்பப் படிக்க வேண்டும்.

அதனால் என் நோட்டில் இருந்திருக்க வேண்டியது இரண்டு பத்திகள். ஒன்றில் யூனிட், இன்னொன்றில் பாடம். யூனிட் பத்தியை வகுத்தல் பார்த்துக்கொள்ளும். பாடப் பத்திக்கு அசிஸ்ட் தளத்தில் உங்கள் காலேஜ், போகப்போகும் யுனிவர்சிட்டி, மேஜர் மூன்றையும் கொடுத்தால், இங்கே படிக்கும் எந்தப் பாடம் அங்கே எதற்கு ஈடு என்று காட்டும் ஒப்பந்தம் வரும்; அதைத்தான் பார்க்க வேண்டும். அதில் இரண்டு மூன்று பாடங்களுக்கு நடுவே ‘அண்ட்’ என்று போட்டிருந்தால், அத்தனையையும் முடித்தால்தான் ஈடு. அந்தச் சின்னச் சொல்லை நான் தாண்டிப் போனேன்.

மற்றவை சுருக்கமாக:

- கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், கால்குலஸ் வரிசையைத் தொடங்கிய காலேஜிலேயே முடியுங்கள். வேலையைக் குறைக்க வேண்டி வந்தாலும் சரி.
- பாடம் பாடமாக முழு எண்ணாக்காதீர்கள். 4 யூனிட் பாடம் 2.67தான். அதை 3 என்று எழுதினால் 15 பாடத்துக்கு 45 வரும். உண்மையில் இருப்பது 40.
- 89 யூனிட் 59.33. அது 60 ஆகாது. நாலைந்து யூனிட் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.
- எல்லா யூனிட்டும் ஒரே விகிதத்தில் மாறுவதால் ஜிபிஏ (மார்க் சராசரி) குறையாது. அந்தக் கவலையில் நான் ஒரு வாரம் தூங்கவில்லை.
- பெர்க்லி, மெர்செட் இரண்டும் செமஸ்டர், மற்ற யுசிக்கள் க்வார்ட்டர். எங்கே போவீர்கள் என்று முடிவாகாவிட்டால் இரண்டுக்கும் ஒப்பந்தம் பாருங்கள்.
- ஸ்பிரிங் க்வார்ட்டர் ஜூனில்தான் முடியும். கடைசி மார்க் ஏறிய அன்றைக்கே டிரான்ஸ்கிரிப்ட் அனுப்பச் சொல்லுங்கள்.

கவுன்சலரிடம் போகும்போது “எனக்கு எத்தனை யூனிட் வரும்?” என்று மட்டும் கேட்காதீர்கள். நான் அதைத்தான் கேட்டேன், சரியான பதில்தான் கிடைத்தது. ஒப்பந்தத்தை அச்செடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து, “இதில் ஒன்றை விட்டால் எது போகும்?” என்று கேளுங்கள். அத்தை பையன் இப்போதே அச்செடுத்துவிட்டான். மூன்று ‘அண்ட்’டைச் சிவப்பு மையில் வட்டமிட்டு நேற்று எனக்குப் படம் அனுப்பினான்.